கொரியாவின் தலைநகரங்கள்: மாற்றியது யார், தடுத்தது யார்?

ஏட்டுச்சுவடி

கொரியாவில் தலைநகர் மாறிய கதையை எடுத்தாலே பேச்சு மலை, ஆறு, மண்ணின் ராசி என்று போய்விடுகிறது. எனக்கு அது போதவில்லை. தலைநகரை மாற்றுகிற அரசர் பெரும்பாலும் ஒரு கூட்டத்தின் பிடியை விட்டு விலகப் பார்க்கிறார். மாற்ற முடியாமல் போனால் அந்தக் கூட்டம் ஜெயித்துவிட்டது என்று பொருள். இதை வைத்து இங்கே பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் கோகுர்யோ. அவர்களுடைய பழைய தலைநகர் குங்னே. இன்று அது யாலு ஆற்றங்கரையில், சீனாவின் ஜிலின் மாகாணத்தில், ஜியான் என்ற ஊர். மரபுக் கணக்குப்படி கி.பி. 3 முதல் நானூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கேதான் இருந்தார்கள். ஜாங்சு அரசர் 414-இல் தன் அப்பா குவாங்கெதோவுக்கு ஆறு மீட்டருக்கும் உயரமான கல்வெட்டுத் தூணை அதே ஊரில்தான் நிறுத்தினார். பதின்மூன்றே ஆண்டுகளில், 427-இல், தலைநகரைப் பியோங்யாங்குக்குக் கொண்டுபோய்விட்டார். தெற்கே நல்ல விளைநிலம், கடல்வழி எல்லாம் காரணம்தான். ஆனால் குங்னேயில் வேரூன்றியிருந்த பெருங்குடிகளை விட்டு நகர்வதும் ஒரு காரணம் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதற்கு எதிரியின் வாக்குமூலமே இருக்கிறது. பெக்ஜே அரசர் கேரோ 472-இல் வடசீனத்தை ஆண்ட வட வெய் அரசுக்கு உதவி கேட்டு ஒரு கடிதம் அனுப்பினார். அதில் ஜாங்சு தன் அமைச்சர்களையும் செல்வாக்குள்ள பிரபுக்களையும் ஓயாமல் கொன்று தள்ளுகிறான் என்று குற்றம் சாட்டுகிறார். எதிரி எழுதியது, மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனாலும் நெருப்பில்லாமல் புகையாது.

அடுத்தது சில்லா. இது நேர் எதிர்க் கதை. சின்முன் அரசர் 681-இல் பட்டமேறிய கையோடு சொந்த மாமனார் கிம் ஹும்தோலின் கிளர்ச்சியை அடக்க வேண்டி வந்தது. 689-இல் பிரபுக்களின் வருமானத்துக்கு அடிப்படையாக இருந்த நிலமானிய முறையை ஒழித்தார். அதே ஆண்டில் தலைநகரைக் கியோங்ஜுவிலிருந்து தால்குபொலுக்கு, அதாவது இன்றைய தேகுவுக்கு, மாற்ற முயன்றார். நடக்கவில்லை. ‘சாம்குக் சாகி’ வரலாற்று நூலில் இதற்கு ஒரே ஒரு வரிதான்: மாற்ற விரும்பினார், நிறைவேறவில்லை. ஏன் என்று ஒரு சொல் கிடையாது. மானியத்தைப் பறிகொடுத்தவர்கள் ஊரையும் பறிகொடுக்கத் தயாராக இல்லை என்பதுதான் என் வாசிப்பு.

செம்பருத்தி

அண்ணா, எனக்குக் கொரியத் தொடர்களில் பார்த்த ஜோசொன் மட்டும்தான் தெரியும். பெக்ஜே, சில்லா, கோகுர்யோ மூன்றும் ஒரே காலத்தில் இருந்தவையா? எது எங்கே என்று ஒருமுறை சொல்லிவிட்டால் தொடர்ந்து படிக்க வசதியாக இருக்கும்.

ஏட்டுச்சுவடி

ஆமாம், ஒரே காலம்தான். வடக்கில் கோகுர்யோ, தென்மேற்கில் பெக்ஜே, தென்கிழக்கில் சில்லா. இவர்களுக்கு முன்பு பழைய ஜோசொன் என்று ஓர் அரசு இருந்தது. அதன் தலைநகர் வாங்கோம் கோட்டை கி.மு. 108-இல் சீனத்தின் ஹான் பேரரசிடம் விழுந்தது. அது சரியாக எந்த இடம் என்பதில் இன்றும் ஆய்வாளர்கள் மோதிக்கொள்கிறார்கள், அதற்குள் போக வேண்டாம்.

660-இல் பெக்ஜேயும் 668-இல் கோகுர்யோவும் சில்லாவும் சீனத்தின் தாங் பேரரசும் சேர்ந்த கூட்டணியிடம் வீழ்ந்தன. சில்லா 935 வரை நீடித்தது. பிறகு கோர்யோ அரசு, தலைநகர் கேசோங். 1392 முதல் நீங்கள் பார்த்த ஜோசொன், தலைநகர் ஹன்யாங், அதாவது இன்றைய சியோல். இவ்வளவு தெரிந்தால் போதும்.

சுவோன்வாசி

நான் சில வருடங்களாக சுவோனில் வேலை பார்க்கிறேன். ஏடு அண்ணாவின் வரிசையில் பெக்ஜேயின் முதல் தலைநகரைச் சேர்க்க விரும்புகிறேன். ‘சியோல் அறுநூறு வருடத் தலைநகர்’ என்று எங்கே போனாலும் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் பெக்ஜே மொத்தமாக விட்டுப்போகிறது.

பெக்ஜே கி.மு. 18-இல் தொடங்கியதாக மரபு. அதன் முதல் தலைநகர் விர்யே கோட்டை, பின்னாளில் ஹன்சொங். 475 வரை அதுவே தலைநகர். அது எங்கே இருந்தது என்று வெகுகாலம் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. இன்று பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொண்ட இடம் ஹன் ஆற்றின் தென்கரையில், சோங்பா பகுதியில் இருக்கும் புங்னாப் மண்கோட்டை. சுற்றளவு சுமார் மூன்றரை கிலோமீட்டர். 1925-இல் வந்த பெருவெள்ளம் கோட்டையின் ஒரு பக்கத்தை அடித்துக்கொண்டு போனபோது சில பொருள்கள் வெளியே வந்தன. ஆனாலும் ஊர் அதன்மேல் வளர்ந்துகொண்டே போனது. 1997-இல் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு ஆழமாகத் தோண்டியபோதுதான் பெக்ஜே மண்பாண்டங்கள் குவியலாகக் கிடைத்தன.

மதிலை வெட்டிப் பார்த்தபோது அடி அகலமே நாற்பது மீட்டருக்கு மேல். மெல்லிய அடுக்குகளாக மண்ணைக் கொட்டிக் கொட்டி இடித்து இறுக்கியிருக்கிறார்கள். ஏதோ ஒரு சிற்றூர்க் காவலுக்கு இவ்வளவு பெரிய மதில் யாரும் கட்ட மாட்டார்கள். உள்ளே ஒரு குழியில் குதிரைத் தலை எலும்புகள் சடங்குக்குப் புதைத்த மாதிரி கிடைத்தன. உயர் அதிகாரியின் பதவிப் பெயர் பொறித்த பானை ஒன்றும் அதோடு கிடைத்தது.

இதில் வேதனையான பக்கமும் உண்டு. கோட்டைக்குள் வீடு வைத்திருப்பவர்களுக்குக் கட்டுப்பாடு மேல் கட்டுப்பாடு. ஆழமாகத் தோண்டவோ, பெரிதாகக் கட்டவோ முடியாது. 2000-இல் கட்டட வேலை நின்றுபோன கோபத்தில் குடியிருப்போர் தரப்பு புல்டோசரை விட்டு அகழாய்வுக் குழியின் ஒரு பகுதியை அழித்தேவிட்டது. அதற்குப் பிறகுதான் அரசு விழித்துக்கொண்டு நிலத்தை விலைகொடுத்து வாங்கத் தொடங்கியது. அந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்ட வீடு அது.

கடலோடி

நல்ல இழை. ஆனால் ஏட்டுச்சுவடியின் கருத்து பெக்ஜேக்குப் பொருந்தாது. ஹன்சொங்கை விட்டு அவர்கள் விரும்பியா போனார்கள்? 475-இல் ஜாங்சு படையோடு வந்தார். கேரோ அரசர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். தப்பித்த இளவரசர் முஞ்சு தெற்கே உங்ஜினுக்கு, இன்றைய கோங்ஜுவுக்கு, ஓடினார். ஓடிப்போய் ஒளிந்த இடம் தலைநகரானது, அவ்வளவுதான்.

இந்த வீழ்ச்சியைப் பற்றி ‘சாம்குக் சாகி’யில் ஒரு கதை வரும். கேரோவுக்கு பாதுக் ஆட்டத்தில் பித்து. கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து இடம் பிடிக்கும் அந்த ஆட்டத்தில் கைதேர்ந்த தோரிம் என்ற துறவியை ஜாங்சு ஒற்றனாக அனுப்புகிறார். அவர் அரசரோடு ஆடி ஆடி நம்பிக்கையைப் பெறுகிறார். பிறகு மெல்ல ஆரம்பிக்கிறார்: உங்கள் பெருமைக்கு இந்த மதிலும் மாளிகையும் போதுமா, உங்கள் தந்தையின் எலும்புகள் இப்படிக் கிடக்கலாமா, ஆறு பெருகினால் மக்கள் வீடு போகிறதே, கரை கட்ட வேண்டாமா? அரசர் மதில், மாளிகை, கல்லறை, கரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கட்டத் தொடங்குகிறார். கஜானா காலி, மக்கள் களைத்துப்போகிறார்கள். தோரிம் கம்பி நீட்டிவிடுகிறார். பின்னாலேயே படை வருகிறது. கதை எவ்வளவு உண்மையோ, தெரிந்த அளவில் போர்தான் இங்கே தலைநகரை மாற்றியது.

கோர்யோவும் அப்படித்தான். மங்கோலியர் வந்ததும் 1232-இல் கேசோங்கை விட்டு காங்ஹ்வா தீவுக்குப் போனார்கள். 1950-இல் கொரியப் போரில் புசான். கொரியத் தலைநகர் மாற்றத்தில் பாதி அடிவாங்கி ஓடியதுதான்.

ஏட்டுச்சுவடி

கடலோடி, ஓடியது உண்மை. ஓடிய பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள்.

உங்ஜினில் பெக்ஜே அரசர்களின் கதி என்ன? ஓடி வந்த முஞ்சுவை 477-இல் ஹே கு என்ற பிரபுவே ஆள் வைத்துக் கொன்றார். தொங்சொங் அரசரை 501-இல் பெக் கா என்ற இன்னொரு பிரபு கொன்றார். உங்ஜின் மலைகளுக்கு நடுவே இடுக்கமான ஊர். ஒளிய வசதி, ஆள வசதியில்லை. 538-இல் சொங் அரசர் எந்தப் படையும் துரத்தாத நேரத்தில் சாபிக்கு, இன்றைய புயோவுக்கு, மாற்றினார். அது திட்டமிட்டுக் கட்டிய நகரம். புசோ மலையில் கோட்டை, ஊரைச் சுற்றி வெளிமதில், உள்ளே ஒழுங்காக வகுத்த தெருக்கள். நாட்டின் பெயரையே தெற்குப் புயோ என்று மாற்றினார். ஓட்டம் 475-இல். முடிவெடுத்த மாற்றம் 538-இல். என் கருத்து இரண்டாவதைப் பற்றியது.

காங்ஹ்வா இன்னும் தெளிவான சாட்சி. அங்கே போக முடிவெடுத்தது அரசர் இல்லை. அப்போது ஆட்சியைக் கையில் வைத்திருந்த தளபதிக் குடும்பத்தின் சோ உ. நிலப்பரப்பில் மக்கள் மங்கோலியக் குதிரைப்படையிடம் சிக்கிச் சாக, தீவில் அரண்மனையும் விழாக்களும் நடந்தன. புத்த சாத்திரங்களை எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரப்பலகைகளில் செதுக்கிய பெரும்பணியும் அந்தக் காலத்தில்தான் நடந்தது. அதன் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தலைநகர் தீவில் இருக்கும்வரை தளபதிகளின் பிடி இறுக்கம். 1270-இல் அரசர் கேசோங்குக்குத் திரும்பியதும் தளபதி ஆட்சி முடிந்ததும் ஒரே நிகழ்வின் இரண்டு பக்கம். திரும்ப மறுத்த சாம்ப்யொல்சோ படைப்பிரிவு கிளர்ந்தெழுந்து ஜிந்தோ தீவுக்கும், பிறகு ஜேஜுவுக்கும் போய் 1273 வரை போராடியது. தலைநகரை நகர்த்துவது என்றால் யாருக்கோ உயிர்ப் பிரச்சினை.

மலைநாடன்

நான் புவியியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் இருவரும் மனிதர்களையே பார்க்கிறீர்கள். தரையையும் கொஞ்சம் பாருங்கள்.

1392-இல் யி சொங்கே புது அரச மரபைத் தொடங்கியதும் முதலில் தேர்ந்தெடுத்தது சியோலை இல்லை. தெற்கே கேர்யோங் மலையடிவாரம். 1393-இல் அங்கே வேலையே ஆரம்பமாகிவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹா ர்யுன் என்ற அதிகாரி எதிர்த்து எழுதினார். தலைநகர் நாட்டின் நடுவில் இருக்க வேண்டும், கேர்யோங் தெற்கே ஒதுங்கியிருக்கிறது என்பது அவர் வாதம். கூடவே நீரோட்டத்தின் திசை சரியில்லை என்று, மண்ணின் ராசி பார்க்கும் புங்சு சாத்திரக் காரணத்தையும் சொன்னார். வேலை நின்றது. அன்று இறக்கிய அடித்தளக் கற்கள் இப்போதும் அங்கே கிடக்கின்றன. அதே இடத்தில்தான் இன்று தென்கொரிய முப்படைத் தலைமையகம்.

சாத்திரத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஹா ர்யுன் சொன்னதில் சாரம் உண்டு. அன்றைய வரி நெல்லாக வரும். மூட்டை மூட்டையாக நெல்லை மலைப்பாதையில் கொண்டுவர முடியாது, படகில்தான் வர வேண்டும். தெற்கின் வயல்களிலிருந்து மேற்குக் கடலோரமாக வந்து ஹன் ஆற்றில் ஏறினால் நேராகத் தலைநகர். உள்நாட்டிலிருந்து ஹன் ஆற்றின் கிளைகள் வழியாகவும் வரலாம். வடக்கே புகாக், மேற்கே இன்வாங், கிழக்கே நக்சான், தெற்கே நம்சான் என்று நான்கு மலை. நடுவில் ஓடை, வெளியே பேராறு. பெக்ஜே அதே ஆற்றைத் தேர்ந்தெடுத்ததும், கோர்யோ 1067-இல் அங்கேயே ‘தென் தலைநகர்’ என்று ஒன்றை வைத்ததும் தற்செயலா? பிரபுக்கள் வருவார்கள், போவார்கள். ஆறு அங்கேயேதான் இருக்கிறது.

செம்பருத்தி

மலைநாடன் ஐயா சொன்னதைப் படித்ததும் ஒரு சந்தேகம். அப்படியானால் கேசோங்கை ஏன் ஐந்நூறு வருடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்? அதுவும் இடம் நல்லதுதானே? அப்புறம் கோர்யோ காலத்தில் யாரும் மாற்ற நினைக்கவே இல்லையா?

ஏட்டுச்சுவடி

நல்ல கேள்வி. கேசோங் என்பது வாங் கொன்னின் சொந்த ஊர். அவர் குடும்பம் அந்தக் கடலோர வாணிகத்தில் வளர்ந்தது. முதலில் அவர் கொங் யே என்ற தலைவனிடம் தளபதியாக இருந்தார். கொங் யே 905-இல் தலைநகரைக் கேசோங்கிலிருந்து சோர்வொனுக்கு மாற்றினார், அதாவது வாங் கொன் வீட்டு வாசலிலிருந்து தள்ளி. 918-இல் கொங் யேயைக் கவிழ்த்த வாங் கொன் மறு ஆண்டே தலைநகரைத் தன் ஊருக்குக் கொண்டுவந்தார். (சோர்வொன் கோட்டை இன்று இரு கொரியாக்களுக்கு நடுவே இராணுவமற்ற பகுதியில் சிக்கியிருக்கிறது. அகழாய்வு செய்ய இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும்.)

மாற்ற நினைத்தவர்கள் இருந்தார்கள், இரத்தமும் சிந்தியது. 1126-இல் யி ஜாகியோம் என்ற பிரபுவின் கலகத்தில் கேசோங் அரண்மனை எரிந்தது. பியோங்யாங்கைச் சேர்ந்த ம்யோசொங் என்ற துறவி, கேசோங் மண்ணின் சக்தி தீர்ந்துவிட்டது, தலைநகர் பியோங்யாங்குக்கு வர வேண்டும் என்று இளம் அரசர் இஞ்ஜொங்கை நம்பவைத்தார். அங்கே புது அரண்மனையும் கட்டினார்கள். கேசோங் பிரபுக்கள் விடவில்லை. பேச்சு நின்றுபோனதும் 1135-இல் ம்யோசொங் கலகம் செய்தார். அதை அடக்கப் போன படைக்குத் தலைவர் கிம் புசிக். கியோங்ஜுவைப் பூர்வீகமாகக் கொண்டு கேசோங்கில் செல்வாக்கோடு இருந்த குடும்பம். சுமார் ஓராண்டு முற்றுகைக்குப் பிறகு பியோங்யாங் விழுந்தது.

அந்தக் கிம் புசிக்தான் 1145-இல் ‘சாம்குக் சாகி’யைத் தொகுத்து முடித்தவர். தலைநகர் மாற்றத்தை வாளால் தடுத்த ஒருவர் வழியாகத்தான் சின்முன் அரசரின் தோற்றுப்போன முயற்சி நமக்கு ஒற்றை வரியாக வந்து சேர்கிறது. நான் அந்த நூலைத் திறக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

மலைநாடன் ஐயாவுக்கு: ம்யோசொங் புங்சு சாத்திரம் பேசினார், ஹா ர்யுனும் அதையே பேசினார். ஒருவர் மாற்றச் சொல்ல, இன்னொருவர் நிறுத்தச் சொல்ல, அதே சாத்திரம். அதனால்தான் அதை நான் காரணமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆறு ஊரைத் தேர்ந்தெடுக்க உதவும். எப்போது மாறுவது என்பதை அது சொல்லாது.

சுவோன்வாசி

ஹன்யாங்குக்கு வந்த பிறகும் உடனே நிலைக்கவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1394-இல் வந்தார்கள், 1395-இல் கியோங்போக் அரண்மனை முடிந்தது. 1398-இல் இளவரசர்களுக்குள் வெட்டுக்குத்து. நகரத்தைத் திட்டமிட்டு, அரண்மனைக் கூடங்களுக்குப் பெயர் வைத்த ஜொங் தோஜொன் அதில் கொல்லப்பட்டார். 1399-இல் புது அரசர் ஜொங்ஜொங் தலைநகரை மறுபடி கேசோங்குக்கே கொண்டுபோனார்.

அடுத்து வந்த தேஜொங்குக்கு ஹன்யாங் திரும்ப ஆசை. கேசோங்கில் வீடுவாசலோடு இருக்கும் அதிகாரிகளுக்கு விருப்பமில்லை. ஹா ர்யுன் இன்னும் விடாமல் முவாக் என்ற மூன்றாவது இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். முவாக் என்பது இன்றைய சின்சொன், யொன்சே பல்கலைக்கழகம் இருக்கிற பக்கம். 1404-இல் அரசர் ஒரு சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு முன்னோர் கோயிலான ஜொங்ம்யோவுக்குள் போய் நாணயம் சுண்டிப் பார்த்தார். ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று முறை. ஹன்யாங்குக்கு இரண்டு நல்லது, ஒன்று கெட்டது. கேசோங்குக்கும் முவாக்குக்கும் ஒன்று நல்லது, இரண்டு கெட்டது. முடிந்தது விவாதம். 1405-இல் திரும்பினார்கள். இது அரசவைக் குறிப்பேட்டிலேயே இருக்கிறது.

கடலோடி

அப்படியென்றால் சியோல் தலைநகரானது காசு விழுந்த விதத்தாலா? ஏடு, உங்கள் கருத்து இங்கே எங்கே போனது?

ஏட்டுச்சுவடி

இங்கேதான் நன்றாக நிற்கிறது! தேஜொங் என்ன சாதாரண ஆளா? தம்பிகளையும் ஜொங் தோஜொனையும் வெட்டிச் சாய்த்து, அண்ணனை அரியணையில் வைத்து, பிறகு தானே ஏறியவர். அப்படிப்பட்டவர் ஒரு தலைநகரைக் காசிடம் ஒப்படைப்பாரா? அமைச்சர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்போது முன்னோர்களின் தீர்ப்பு என்று சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. உள்ளே போனதும் சிலரே. அவர் எதை விரும்பினாரோ அதுவே விழுந்தது என்பது எனக்கு வியப்பாக இல்லை. ஏமாற்றினார் என்று சொல்ல ஆதாரம் கிடையாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்தச் சடங்குக்கு இருந்த வேலை, கேசோங் வீட்டுக்காரர்களின் வாயை அடைப்பது.

மலைநாடன்

மூன்று இடங்களில் இரண்டு, ஹன்யாங்கும் முவாக்கும், ஒரே ஆற்றின் பக்கத்தில், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருந்தன என்பதை இருவரும் கவனிக்கவில்லை. எது விழுந்திருந்தாலும் மூன்றில் இரண்டு பங்கு இன்றைய சியோல்தான்.

செம்பருத்தி

சுவோன்வாசி அண்ணா, அந்தக் காலத்து மதில் இன்னும் இருக்கிறதா? பார்த்திருக்கிறீர்களா?

சுவோன்வாசி

இருக்கிறது. மொத்தம் சுமார் 18.6 கிலோமீட்டர், நான்கு மலைகளின் முகட்டைத் தொட்டுப் போகும். நக்சான் பக்கம் ஏறுவது சுலபம். கிழக்கு வாசலான ஹுங்இஞ்ஜிமுன் அருகில் தொடங்கலாம்.

மதிலை மேலிருந்து பார்ப்பதைவிட வெளிப்பக்கமாக, கல்லுக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும். 1396-இல் கட்டியது மலைக்கல்லைச் சும்மா ஒழுங்கில்லாமல் அடுக்கிய பகுதி. சேஜொங் அரசர் காலத்தில் 1422-இல் திருத்திக் கட்டிய இடத்தில் கல் கொஞ்சம் உருண்டையாக, சோளமணி மாதிரி இருக்கும். சுக்ஜொங் அரசர் காலத்தில், 1704-க்குப் பிறகு, பெரிய சதுரக் கற்கள், இடுக்கே தெரியாது. ஒரே இடத்தில் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதைப் பார்க்கலாம்.

1396-இல் மதிலை 97 பகுதிகளாகப் பிரித்தார்கள். சிறுவர்கள் எழுத்துப் படிக்கும் ஆயிரம் எழுத்துப் பாடத்தின் வரிசைப்படி ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எழுத்து. எந்தப் பகுதி எந்த மாகாணத்தார் பொறுப்பு என்பதைக் கல்லிலேயே வெட்டினார்கள். மதில் சரிந்தால் எந்த ஊர்க்காரர்கள் கட்டியது என்று தேட வேண்டியதில்லை, அவர்களைக் கூப்பிட்டு மறுபடி கட்டவைக்கலாம். அந்த எழுத்துகள் சில இன்றும் விரலால் தடவினால் தெரிகின்றன. விவசாய வேலை இல்லாத காலமாகப் பார்த்து இரண்டு தவணை, தவணைக்கு 49 நாள். முதல் தவணையில் மட்டும் சுமார் 1,18,000 பேர். 1422 வேலைக்கு மூன்று லட்சத்துக்கு மேல். அதில் 872 பேர் இறந்ததாகக் குறிப்பேடு சொல்கிறது. ஏடு அண்ணா பிரபுக்களைப் பேசுகிறார், மலைநாடன் ஐயா ஆற்றைப் பேசுகிறார். அந்த 872 பேரும் இந்தக் கதைக்குள் வர வேண்டும் என்பது என் ஆசை.

கடலோடி

மனதைத் தொட்ட பதிவு. தலைநகர்க் கதையில் கல் சுமந்தவனை யாரும் எழுதுவதில்லை.

புதைந்துபோனவற்றில் எனக்குப் பிடித்தது கோங்ஜுவில் இருக்கும் பெக்ஜே அரசர் முர்யோங்கின் கல்லறை. 1971 ஜூலையில் பக்கத்துக் கல்லறைகளுக்குள் தண்ணீர் புகாமல் இருக்க வடிகால் தோண்டும்போது செங்கல் சுவர் தட்டுப்பட்டது. திறந்தால், திருடன் கை படாத அரச கல்லறை. வாசலில் ஒரு சிறு கல்விலங்கு காவல். முன்னால் இரண்டு கல்பலகைகள், மேலே காசுக் குவியல். ஒன்றில் அரசரின் பெயரும் 523-இல் 62 வயதில் இறந்த செய்தியும். இன்னொன்றில் இந்த நிலத்தை மண்ணின் தெய்வங்களிடமிருந்து பத்தாயிரம் காசுக்கு வாங்கியதாகப் பத்திரம்! அரசரானாலும் புதைக்க நிலத்தை விலை கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். அவ்வளவு அரிய இடத்தைக் கூட்டமும் பத்திரிகையாளர்களும் நெருக்க, ஒரே இரவில் அள்ளி முடித்துவிட்டார்கள். எந்தப் பொருள் எந்த இடத்தில் கிடந்தது என்ற தகவல் பெருமளவு போய்விட்டது. கொரியத் தொல்லியலாளர்களே இன்றும் அதைச் சொல்லி வருந்துகிறார்கள்.

செம்பருத்தி

கியோங்ஜு என்ன ஆனது? மாறாமலே இருந்த ஒரே தலைநகர் அதுதானே?

ஏட்டுச்சுவடி

மாறாமல் இருந்ததற்கு விலை கொடுத்தது. கியோங்ஜு நாட்டின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. தலைநகர் அப்படி ஒதுங்கியிருந்ததால் ஐந்து துணைத் தலைநகரங்களை வைத்துச் சமாளித்தார்கள். நகரத்துப் பிரபுக்கள் நன்றாக வாழ்ந்தார்கள். ‘சாம்குக் யூசா’ என்ற பழைய நூல் உச்சகாலத்தில் 1,78,936 வீடுகள் என்று கணக்குச் சொல்லும். அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் செழிப்பு பொய்யில்லை. நகருக்குள்ளேயே குன்றுகள் மாதிரி எழும் கல்லறை மேடுகளிலிருந்து பொன்முடிகள் கிடைத்தன. 1970-களில் வொல்ஜி குளத்தின் சேற்றைத் தூர்வாரியபோது விருந்தில் உருட்டி விளையாடும் பதினான்கு பக்க மரப்பகடை கூடக் கிடைத்தது.

தூரத்து மாகாணங்கள் கைநழுவியதைத் தடுக்க அந்த மூலையிலிருந்து முடியவில்லை. 927-இல், பழைய பெக்ஜேயின் பெயரில் எழுந்த பிற்காலப் பெக்ஜேயின் அரசர் கியொன் ஹ்வொன் நகருக்குள் புகுந்து சூறையாடினார், அரசர் கியோங்ஏ உயிரிழந்தார். 935-இல் கடைசி அரசர் கியோங்சுன் தானே கேசோங் போய் வாங் கொன்னிடம் நாட்டை ஒப்படைத்தார். அவருக்கு மரியாதை குறையாமல் மகளைக் கொடுத்து, கியோங்ஜுவையே மானியமாகவும் கொடுத்தார்கள். அவர் கல்லறை கியோங்ஜுவில் இல்லை, வடக்கே யொன்சொனில், இன்றைய எல்லைக்கோட்டுப் பக்கம்.

கடலோடி

இன்றைய காலத்துக்கு வருவோமா? வடகொரியாவின் 1948 அரசியலமைப்பு தலைநகர் சியோல் என்றே சொன்னது. 1972-இல்தான் பியோங்யாங் என்று மாற்றினார்கள். கையில் இல்லாத ஊரை இருபத்துநான்கு வருடம் தலைநகராக எழுதி வைத்திருந்தார்கள். கேசோங் கதையும் அப்படித்தான். நாட்டைப் பிரித்த 38-ஆம் இணைகோட்டுக்குத் தெற்கே இருந்ததால் 1945-இல் தெற்குக்கு வந்தது. 1953 போர்நிறுத்தத்தில் வடக்குக்குப் போனது.

மலைநாடன்

தென்கொரியாவின் புது நிர்வாக நகரமான சேஜொங்கை மறந்துவிட்டோம். அதிபர் பார்க் சுங் ஹீ 1977-இலேயே நிர்வாகத் தலைநகரை மாற்றும் யோசனையை அறிவித்தார். பிறகு ரோ மூ ஹ்யுன் 2002 அதிபர் தேர்தலில் வாக்குறுதி கொடுத்துச் சட்டமும் கொண்டுவந்தார். இடம் கோங்ஜுவுக்குப் பக்கம். ஹா ர்யுன் சொன்ன ‘நாட்டின் நடு’ தென்கொரியாவுக்கு இன்று அங்கேதான் வரும். தரை இப்போதும் தன் வாதத்தை வைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி

அதை நிறுத்தியது யார் என்று பாருங்கள் ஐயா. 2004 அக்டோபர் 21-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. சியோல்தான் தலைநகர் என்று அரசியலமைப்பில் எங்கும் எழுதவில்லை. ஆனால் ஜோசொன் காலத்துச் சட்டத் தொகுப்பு முதல் மக்கள் மனதில் நிலைத்த வழக்கம் அது, அந்த வழக்கமே எழுதாத அரசியலமைப்பு, மாற்ற வேண்டுமானால் பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. அறுநூறு வருடமாக இருப்பதாலேயே ஒன்று மாற்ற முடியாததாகிவிட்டால், 1394-இல் கேசோங்கும் அதையே சொல்லியிருக்கலாம்.

பிறகு தலைநகர் என்ற சொல் இல்லாமல், அமைச்சகங்கள் மட்டும் போகும் நகரமாக 2012 ஜூலை 1-இல் சேஜொங் தொடங்கியது. நாடாளுமன்றம் சியோலிலேயே இருக்க, அதன் கிளையை சேஜொங்கில் அமைக்க 2021-இல் சட்டம் வந்தது.

சுவோன்வாசி

இதில் நேரில் கேட்டது ஒன்று. சேஜொங்கில் அமைச்சகங்கள் வந்தபோது பல ஊழியர்கள் குடும்பத்தைச் சியோல் பக்கமே விட்டுவிட்டார்கள். பிள்ளைகளின் பள்ளி, மனைவியின் வேலை, வாங்கிப்போட்ட வீடு. அரசே பல ஆண்டுகள் சியோல் சுற்றுவட்டாரத்திலிருந்து சேஜொங்குக்கு ஊழியர் பேருந்து விட்டது. அமைச்சர்கள் நாடாளுமன்றக் கூட்டத்துக்கு மேலே போக, கோப்போடு அதிகாரிகள் பின்னால் ரயில் பிடிக்க வேண்டும். தென்கொரிய மக்கள்தொகையில் பாதிக்கு மேல் சியோலையும் அதைச் சுற்றியும்தான் இருக்கிறார்கள். ஏடு அண்ணா சொல்கிற பழைய பெருங்குடிகளின் இடத்தில் இன்று வீடு வைத்திருக்கிற சாதாரணக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைப் பகைத்துக்கொள்ள எந்தக் கட்சிக்கும் துணிவு வராது.

ஏட்டுச்சுவடி

இதை நான் முழுதாக ஏற்கிறேன். சின்முன் காலத்தில் தடுத்தவர்கள் சில நூறு பேர். இன்று தடுப்பவர்கள் லட்சக்கணக்கில், அதுவும் வாக்குரிமையோடு.

செம்பருத்தி

வடக்கே பால்ஹே என்று ஓர் அரசு இருந்ததாமே, அது ஐந்து தலைநகரங்கள் வைத்திருந்ததாகப் படித்தேன். அதை யாரும் தொடவில்லையே?

ஏட்டுச்சுவடி

விட்டுப்போனது உண்மை. 698 முதல் 926 வரை இருந்த அரசு. முன் என்ற பெயருடைய அரசர் காலத்திலேயே தலைநகர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாறியது. பின்னர் வந்த பால்ஹே அரசர் சொங் 794 வாக்கில் பழைய தலைநகரங்களில் ஒன்றான சாங்கியோங்குக்குத் திரும்பினார். சீனத்தின் சாங்கான் நகர அமைப்பைப் பார்த்துக் கட்டிய ஊர், இன்று ஹெய்லொங்ஜியாங் மாகாணத்தில். அந்த மாற்றங்களின் பின்னால் யார் இருந்தார்கள் என்று பேசத் தனி இழையே வேண்டும். மலைநாடன் ஐயா அங்கே தட்பவெப்பத்தையும் ஆறுகளையும் பற்றித் தொடங்கினால், நான் பிரபுக்களோடு வந்து சேர்கிறேன்.